நிமிஷம் தப்பாத பதில்

டைம்கீப்பருக்குக் காது போனது பஸ் டிப்போவில். முப்பத்தோரு வருஷம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதியவர் அவர். ஹாரனும் இன்ஜினும் சேர்ந்து இரண்டு காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. வலது காதில் மட்டும் ஏதோ மிச்சம் மீதி இருந்தது. அதிலும் அவர் மனைவி கத்தினால்தான் கேட்கும். மற்றவர்கள் கத்தினால் திட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒரே மகள். கல்யாணமாகி, வேலையும் கிடைத்து, ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மனைவிதான் எடுப்பாள். அரைமணி நேரம் அம்மாவும் பெண்ணும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு, டைம்கீப்பர் நாற்காலியிலிருந்தே, "நான் கேட்டேன்னு சொல்லு" என்பார். "அப்பா கேட்டாராம்" என்று மனைவி போனில் சொல்வாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு கேக்கறா" என்று வலது காதில் கத்துவாள். இவர் தலையை ஆட்டுவார். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் இடையில் அவ்வளவுதான் போக்குவரத்து. அதில் ஒரு குறையும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. அஞ்சல்காரி வீட்டிலேயே இருக்கும்போது யாருக்குக் கடிதம் எழுதத் தோன்றும்?

அந்த அஞ்சல்காரி ஒருநாள் காலையில், குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது மகள் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போனாள். "போன்ல உங்களுக்குக் கேக்காதுப்பா. இதுல எழுதுங்க. நான் பதில் எழுதறேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். இரண்டு நாள் உட்கார்ந்து எந்தப் பொத்தானை எப்படி அமுக்குவது என்று கற்றும் கொடுத்தாள். அப்பா கெட்டிக்காரர், மூன்றாம் நாளே தானாக மெயில் பெட்டியைத் திறந்து மூடினார். ஆனால் என்ன எழுதுவது? அதுதான் அவருக்குத் தெரியவில்லை. காலையில் குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரி அதன் எதிரே உட்காருவார். 'கண்ணு' என்று அடிப்பார். அதற்கு மேல் கை ஓடாது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதியதெல்லாம் வண்டி நம்பரும் நேரமும்தான்.

இந்தச் சமயத்தில்தான் கிரீஸ் உள்ளே நுழைந்தார். கிரீஸ் என்பவர் அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது, அதனால் அந்தப் பெயர். உலகத்தில் சுற்றுகிற அத்தனை எச்சரிக்கை மெயில்களும் கிரீஸிடம் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும். 'இந்தத் தலைப்பில் மெயில் வந்தால் திறக்காதே, கம்ப்யூட்டர் எரிந்துவிடும்.' 'பெரிய பெரிய கம்பெனிகளே கதிகலங்கிப் போயிருக்கின்றன.' 'உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் உடனே அனுப்பு.' கிரீஸ் எதையும் முழுதாகப் படிக்க மாட்டார். எல்லோருக்கும் அனுப்பு என்று இருந்தால் அனுப்பிவிடுவார். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

டைம்கீப்பர் ஆடிப்போய்விட்டார். மகளுடைய கம்ப்யூட்டர் எரிந்தால்? பக்கத்தில் கைக்குழந்தைப் பேத்தி படுத்திருந்தால்? உடனே அவளுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'இது பொய்ப்பா. பயப்படாதீங்க. மதியம் என்ன சமைச்சீங்க?'

அதை அவர் எத்தனை தடவை படித்தார் என்று கணக்கில்லை. மறுநாள் ரசீது மாதிரி பதில் போட்டார்: 'சாதம்.' அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் கிரீஸிடமிருந்து அடுத்த எச்சரிக்கை வந்தபோது, மனுஷனுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே!

இப்படியே போயிருக்கும். நடுவில் அந்தப் பூனை வந்து கெடுத்தது. 'உன் கம்ப்யூட்டருக்குள் குட்டிப் பூனைப் படம் போட்ட ஒரு ஃபைல் இருக்கிறதா பார். இருந்தால் அதுதான் வைரஸ். அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்' என்று ஒரு மெயில். டைம்கீப்பர் தேடினார். இருந்தது! அழித்தார். அது கம்ப்யூட்டரோடேயே வந்த ஃபைல். எல்லார் கம்ப்யூட்டரிலும் இருக்கும். மறுநாள் அவருடையது கண்ணைத் திறக்க மறுத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் வந்து எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து உயிர் கொடுத்தார். அதற்குள் மகளும் அப்பா சொன்னாரே என்று தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பூனையை அழித்துவிட்டு, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவளிடமிருந்து வந்ததுதான் அவர் வாழ்க்கையில் பெற்ற மிக நீளமான கடிதம்.

'அப்பா, இனிமே எது வந்தாலும் அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாருங்க. ஒண்ணு, எல்லாருக்கும் அனுப்புன்னு கெஞ்சுதா, மிரட்டுதான்னு பாருங்க. ரெண்டு, தேதி இருக்கா? "நேத்து கண்டுபிடிச்சாங்க"ன்னு இருக்கும், எந்த நேத்துன்னு இருக்காது. மூணு, பெரிய கம்பெனி பேரைச் சொல்லி, அங்கே யார் சொன்னாங்கன்னு சொல்லாம விட்டிருக்கா? நாலு, முதல் வரியைக் காப்பி பண்ணித் தேடிப் பாருங்க. பொய்யை எல்லாம் பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க, அதுல இருக்கும். வைரஸ் தடுப்பு கம்பெனிக்காரங்க இணையப் பக்கத்துலயும் பாருங்க. நாலும் பார்த்துட்டு அனுப்புங்க. கோவிச்சுக்காதீங்க.'

கோபமா? அவர் ஆனந்தத்தில் இருந்தார். பழைய டிப்போ நோட்டு ஒன்றை எடுத்து அந்த நான்கையும் முதல் பக்கத்தில் எழுதினார். இரண்டாம் பக்கத்தில் கோடு போட்டார். மெயில் வந்த நேரம், சங்கதி, மெய்யா பொய்யா, அனுப்பிய நேரம், பதில் வந்த நேரம். கூண்டுக்குள் மறுபடியும் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டிப்போவில் இருந்த காலத்திலேயே வேலையில் அவர் புலி. ஒரு டிரைவர் எட்டு நாள் தொடர்ந்து சரியாக நாலு பத்துக்குக் கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருந்தான். டைம்கீப்பர் அவனைக் கூப்பிட்டு, "மனுஷன் வண்டி ஓட்டினா ரெண்டு நிமிஷம் முன்னே வரும், அஞ்சு நிமிஷம் பின்னே வரும். நூல் பிடிச்ச மாதிரி வந்தா ஓடினது வண்டி இல்லைடா, பேனா" என்றார். அவன் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன். குட்டு வெளிப்பட்டுவிட்டது. டிப்போவில் அந்த வாக்கியம் ரொம்ப நாள் சுற்றியது.

அந்தப் புலிதான் கிரீஸின் மெயில்களைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டு உட்கார்ந்தது. நான்கு சோதனை. பெரும்பாலும் பொய். பொய்யானதை ஓரம் கட்டிவிட்டு, மெய்யாக ஒன்று கிடைக்காதா என்று பதினாறு நாள் காத்திருந்தார். கிடைத்தது. தடுப்பு கம்பெனிக்காரர்களே தேதி போட்டு எச்சரித்திருந்த நிஜமான வைரஸ். 'கண்ணு, இது மெய். நாலும் பார்த்துவிட்டேன்' என்று மார்தட்டிக்கொண்டு அனுப்பினார்.

பதிலே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவள் படித்திருப்பாள், சரிதான் என்று ஜாக்கிரதையாக இருந்திருப்பாள், வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லாதபோது என்னத்தைப் பதில் எழுதுவது? ஆனால் இவர் எட்டு நாள் முன்னறையிலேயே பழியாகக் கிடந்தார். எட்டாம் நாள் தாங்க முடியாமல், நான்கு சோதனையிலும் தோற்ற ஒரு அப்பட்டமான பொய்யை வேண்டுமென்றே அனுப்பினார். நாற்பது நிமிஷத்தில் பதில்.

'அப்பா! இது பொய்ப்பா. சரி பாக்கச் சொன்னேனே. மாத்திரை போடறீங்களா?'

டைம்கீப்பருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மெய்க்குப் பதில் வராது. பொய்க்கு வரும்.

அதிலிருந்து அவர் செய்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மெயிலையும் நான்கு விதமாகச் சோதிப்பார். மெய் என்றால் நோட்டில் எழுதிவிட்டு வைத்துக்கொள்வார். சந்தேகம் என்றாலும் அனுப்ப மாட்டார். மகள் மெஷினுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொய் என்று உறுதியானால் மட்டும் அவளுக்கு அனுப்புவார். பொய்தானா என்று அவ்வளவு அக்கறையாகச் சரிபார்த்துப் பொய்யை அனுப்பின மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் அவளோ, அப்பாவுக்குத் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறதே என்று நொந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாள். 'பொய்ப்பா.' 'அப்பா, ப்ளீஸ்.' 'இதுவும் பொய். இங்க ஒரே மழை.' 'பொய். குழந்தைக்குப் பல் முளைச்சிருக்கு.' பேத்திக்குப் பல் முளைத்ததை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு பதில்கள் மாறின. ஒரே மாதிரி வர ஆரம்பித்தன.

'இது பொய்ப்பா. அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாருங்க.'

மழை இல்லை, பல் இல்லை. ஆனால் உடனே வந்தன. பத்து நாற்பதுக்கு அனுப்பினால் பத்து நாற்பதுக்கே பதில். அவருக்குத் தலைகால் புரியவில்லை. 'எனக்காகவே காத்துக்கிட்டு உக்காந்திருக்கா' என்று கிரீஸிடம் பெருமை அடித்தார். ஒரே வார்த்தைகளாக இருக்கிறதே என்று ஒருநாள் லேசாக உறுத்தியது. அவள் அம்மாவும் அப்படித்தானே, நாற்பது வருஷமும் 'சாப்பிட வாங்க' என்ற ஒரே வார்த்தையைத்தானே சொன்னாள், அதில் என்ன குறைந்துவிட்டது என்று தன்னையே அடக்கிக்கொண்டார். நோட்டில் இரண்டு நேரமும் பக்கத்துப் பக்கத்தில், வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. எட்டு மாசம். எட்டே நாளில் ஒரு டிரைவரைப் பிடித்தவருக்கு எட்டு மாசம் கண்ணில் படவில்லை. படவில்லை என்று சொல்ல முடியாது. பார்க்க மனசு வரவில்லை.

கழுத்தில் வலது பக்கம் ஒரு வீக்கம் தட்டுப்பட்டது அப்போதுதான். ஷேவ் செய்யும்போது கை பட்டது. ஒரு மாசம் சும்மா இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை போனபோது டாக்டர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். கடைசியில் மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு எழுதினார்: 'நல்ல கட்டி இல்லை. வியாழன் ஆபரேஷன். குரல் போகலாம். சொந்தக்காரர் யாராவது கூட வரணும்.'

டைம்கீப்பர் அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேட்கிறதுதான் போயிற்று, பேசுகிறதும் போகப்போகிறது. இருந்த காலத்தில் பேசி என்ன கிழித்துவிட்டோம் என்று தோன்றியபோதுதான் அவருக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை குளித்தார். சட்டை போட்டுக்கொண்டார். உட்கார்ந்து எழுதினார். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

'கண்ணு, இது வைரஸ் இல்லை. என் கழுத்தில் கட்டி. நல்லது இல்லை என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் பேச்சு வருமோ வராதோ. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா இல்லாமல் உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, அதனால்தான் அந்தக் குப்பையெல்லாம் அனுப்பினேன். பொய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். நீ பதில் போடுவாய் என்று. முடிந்தால் வா. அப்பா.'

பத்து நாற்பத்திரண்டுக்கு அனுப்பினார். நோட்டில் எழுதினார். நிமிர்ந்தார். பதில் வந்திருந்தது. திறந்தார்.

'இது பொய்ப்பா. அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாருங்க.'

பிறகு நோட்டை எடுத்தார். பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். 10.42, 10.42. 11.05, 11.05. 9.30, 9.30. பேனா. எல்லாம் பேனா. திருப்பிக்கொண்டே போய், நேரங்கள் முதன்முதலாக ஒன்றான வரியில் நின்றார். அதற்கு முந்தைய நாள் மட்டும் நான்கு பொய்களை அனுப்பியிருந்தார். ஒரே நாளில் நான்கு. தேதியைப் பார்த்தார். மனைவி போய் ஒரு வருஷம் நிறைந்த நாள்.

அன்றைக்கு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் நான்கு. மகளுக்கும் அது அம்மா போன நாள்தானே! அவளும் காலையிலிருந்து பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாள், அப்பா ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்று. 'உங்க அம்மா ஞாபகமாவே இருக்கு' என்று ஒரு வரி. அவளுக்கு வந்தது, கம்ப்யூட்டர் எரிந்துவிடும் என்று நான்கு தடவை. இவர் மெஷினோடு எட்டு மாசம் பேசியது பெரிதா, அவள் அன்றைக்கு அந்த நான்கையும் படித்தது பெரிதா? டைம்கீப்பர் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தப்பு என்னுதுதான், என்னுதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சாயங்காலம் கிரீஸ் வந்தார். சீட்டைப் படித்தார், திரையைப் படித்தார், விஷயம் புரிந்துபோயிற்று. காகிதத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்.

'எம் பையனும் இப்படித்தான் வெச்சிருக்கான். நம்ம மெயிலெல்லாம் தனியா ஒரு பெட்டிக்குப் போயிடும். மெஷின் பதில் போட்டுடும். பெட்டி ரொம்பினா மேலோட்டமாப் பார்த்துட்டு மொத்தமா அழிச்சிடுவான். அதை நம்பி உக்காந்திருக்கறது பேத்தல். போனை எடு, நான் உம் பொண்ணுகிட்ட பேசறேன்.'

"வேணாம்யா."

'ஏன்? வரமாட்டாளா?'

"வரமாட்டாளா? அடுத்த ரயில்லயே வந்து நிப்பா. அதான்யா பயம்" என்றார் டைம்கீப்பர். "வந்ததும் என்ன கேப்பா? ஏம்பா எனக்கு முன்னாடியே சொல்லலைன்னு கேப்பா. சொன்னேனே, மெயில் போட்டேனேன்னு நான் சொல்ல வேணாம், அவளே போய்ப் பெட்டியைத் திறப்பா. எனக்குப் பயமா இருக்குன்னு அப்பன் எழுதினதுக்கு, அவ பேருல, பொய்ப்பான்னு பதில் போயிருக்கு. அதைப் பார்த்தா அவ தாங்குவாளா? ஆயுசுக்கும் தூங்குவாளாய்யா?"

கிரீஸ் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார்: 'போன மெயிலைத் திருப்பி எடுக்க முடியாது.'

"தெரியும். புதைச்சிடலாம் இல்ல?"

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போலக் குளித்து உட்கார்ந்தார். கிரீஸிடம் இருந்த அத்தனை எச்சரிக்கைகளையும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். நூற்றுப் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் அப்படியே தள்ளிவிட்டிருக்கலாம். கிரீஸ் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் எழுதிக் காட்டினார். டைம்கீப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லோருக்கும் அனுப்பச் சொல்கிறதா, தேதி இருக்கிறதா, யார் சொன்னது, பட்டியலில் இருக்கிறதா. நடுவில் மூன்று மெய்யாக இருந்தன, ஓரம் கட்டினார். ஒன்று சந்தேகம், அதையும் நிறுத்தினார். மகள் மெஷினுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மற்றதெல்லாம் போயிற்று. தலைப்பு தலைப்பாக, தன்னுடைய ஒரே நிஜக் கடிதத்தின் மேல் அவர் பொய்யை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்துகொண்டே இருந்தது. இது பொய்ப்பா. இது பொய்ப்பா. மத்தியானம் கிரீஸ் ரொட்டி வாங்கிவந்து வாயில் வைத்த பிறகுதான் சாப்பிட்டார். மூன்றரை மணிக்குக் கடைசி மெயில் போனது. அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, அப்பாவுக்கு வேற வேலை இல்லை என்று மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள்.

தன் பக்கத்தில் இருந்த பிரதியையும் அழித்தார். நோட்டில் திங்கட்கிழமை வரியை மட்டும் பிளேடால் சுரண்டினார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு வரியைக்கூடச் சுரண்டியதில்லை. காகிதம் லேசாகக் கிழிந்தது.

"இப்பக் கூப்பிடு" என்றார். "இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. வாய் தவறி வேற எதுவும் உளறி வெக்காதே."

கிரீஸ் போன் செய்தார். டைம்கீப்பர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் சொன்னார், நிறுத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சொன்னார். ராத்திரி வண்டியில் கிளம்புகிறாள் என்று கையால் காட்டினார். டைம்கீப்பர் தலையை ஆட்டினார். எதற்கோ கிரீஸ் திணறினார். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் காகிதத்தை இழுத்துக் கிறுக்கலாக எழுதி அவர் பக்கம் தள்ளினார்.

'அழறா. கழுத்துல வீக்கம் வந்தப்பவே ஒரு வரி மெயில் போட்டிருக்கக் கூடாதாப்பான்னு கேக்கறா.'

டைம்கீப்பர் அதைப் படித்தார். கையை நீட்டிப் போனை வாங்கினார். அந்தப் பக்கம் அவள் பேசுவது அவருக்குக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் வலது காதில்தான் வைத்துக்கொண்டார்.

"தோணலை கண்ணு" என்று சத்தமாகச் சொன்னார். "எனக்குத் தோணவே இல்லை."